அடுத்தவர் காற்றாலைக்கு வைத்த பொங்கல்

கல்யாணமான புதிதில் எல்லாரையும் போல எங்களையும் ஊட்டிக்குத்தான் அனுப்பி வைத்தார்கள். ஏரியில் படகு, பூங்காவில் ஒரு போட்டோ, திரும்பும்போது வர்க்கி பிஸ்கட் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் கணவர் வேறு கணக்குப் போட்டிருந்தார். இரண்டாம் நாள் காலை வாடகைக் காரை மஞ்சூர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, "இந்தக் கொழாய்ல எறங்கற தண்ணிதான் நம்ம கம்பெனில மிசினை ஓட்டுது. தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் அன்றைக்கு இருக்கவில்லை. அங்கே எடுத்த படம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. குழாய்கள் அடியிலிருந்து நுனிவரை முழுசாக விழுந்திருக்கின்றன. நான் இடது ஓரத்தில் பாதி இருக்கிறேன்.

சிலருக்குக் கோயில், சிலருக்குக் கிரிக்கெட். என் கணவருக்கு மின்சாரம் உற்பத்தியாகும் இடங்கள். இதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. கீழே நிட்டிங் மிஷின்கள், மேலே தையல், அதற்கும் மேலே நாங்கள். நிட்டிங் மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் நின்ற இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். மின்வெட்டு மிகுந்திருந்த காலத்தில் கோடு இல்லாத துணியைப் பார்ப்பதே அபூர்வம். ஊரிலுள்ள மற்ற முதலாளிகள் அந்தக் கோட்டைப் பார்த்து அரசாங்கத்தைத் திட்டினார்கள். இவர் மட்டும் கோட்டைத் தடவிப் பார்த்து, "இந்தக் கரண்டு எங்கிருந்துதான் வருது? வர்ற வழில அதுக்கு என்னாச்சு?" என்று யோசித்தார். வீட்டுக்கு வரவேண்டிய உறவினர் வராமல் போனால் விசாரிப்பது போல விசாரித்தார்.

அதன் பிறகு நாங்கள் போன எந்தச் சுற்றுலாவும் நேராகப் போய்ச் சேர்ந்ததில்லை. மேட்டூரில் ஊரே அணையைப் பார்த்து நிற்க, நாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தோம். கன்னியாகுமரியில் சூரிய உதயம் காட்டுவதாகச் சொல்லி விடியும் முன்பே என்னையும் மகளையும் எழுப்பினார். கார் கடற்கரைக்குப் போகவில்லை. மகள் தூங்கி விழித்தபோது தூரத்தில் அணுமின் நிலையத்தின் இரண்டு கும்மட்டங்கள் தெரிந்தன.

"இது என்னங்கப்பா, மசூதியா?" என்றாள் மகள்.

சாலையோரம் நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு காவலர் வண்டியை நிறுத்தி விசாரித்தார்.

"எங்க இருந்து வாரீய? இங்க நின்னு என்னத்தப் பாக்கீய?"

"திருப்பூர்ங்க. சும்மா பாக்கறமுங்க."

"சும்மா பாக்கதுக்கு இதுல என்ன இருக்கு?"

"நம்ம கரண்டு எங்கிருந்து வருதுன்னு பாக்கலாம்னுதானுங்க."

முப்பது வருட சர்வீஸில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டிருக்கமாட்டார். சந்தேகப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சூரியன் உதிக்கத பாத்தியளா?"

"இல்லீங்க, அதுக்குள்ள இங்க கூட்டீட்டு வந்துட்டாருங்க" என்றேன்.

அவர் முகத்திலிருந்த சந்தேகம் அப்போதே போய்விட்டது. அதன் இடத்தில் என் மேல் ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்தது. "வெயிலுக்கு முன்ன ஊர் போய்ச் சேருங்க" என்று வழிகாட்டி அனுப்பினார்.

பார்ப்பதோடு நின்றிருந்தால் குடும்பத்துக்குச் செலவு பெட்ரோலோடு முடிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்னால், குண்டடம் தாண்டித் தாராபுரம் போகும் வழியில் ஒரு பழைய காற்றாலை விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டார். காற்றாலை அங்கே சுற்றும், அதில் வரும் யூனிட்டை நம் கம்பெனி பில்லில் கழித்துக்கொள்வார்கள். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் எல்லாரும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். தனியாக வாங்க முடியாது என்பதால் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனைப் பங்குக்குச் சேர்த்தார்.

அண்ணன் எதையும் இரண்டு முறை கேட்பவர். "மாப்பள, காத்து இல்லாட்டி?"

"மச்சான், அந்தப் பக்கம் ஆடி மாசம் நின்னு பாருங்க. வேட்டி ஒரு ஊர்ல இருக்கும், நீங்க ஒரு ஊர்ல இருப்பீங்க."

அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

வாங்கிய பிறகு பூஜை போடவேண்டும் என்றாள் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்போம். என் நங்கையாவுக்குப் பூஜை போடாத பொருள் ஓடாது. வாஷிங் மிஷினுக்கே விபூதிப் பட்டை உண்டு. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் வேன் பிடித்துக் கிளம்பினோம். பொங்கல் பானை, விறகு, கரும்பு, வாழைமரம், இருபதடி நீளத்துக்கு ஒரு மாலை. நிட்டிங் மிஷினுக்குச் சார்த்துவது போல நினைத்துக் கட்டச் சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தால் அந்த மாலை காற்றாலையின் கால் விரலுக்கு மெட்டி போலத்தான் இருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வேன் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் மூன்று இறக்கை.

"எதுங்க நம்முளுது?" என்றாள் நங்கையா.

என் கணவர் வாங்கும்போது இரண்டு முறை வந்திருந்தார். இரண்டு முறையும் அண்ணாந்து பார்த்தாரே தவிர, வந்த வழியைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் மண்தடத்தில் சுற்றினோம். பிறகு ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில், கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டி, "இதேதான். இந்த மரம் எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார்.

அந்தக் காற்றில் அடுப்பு மூட்டுவதற்குள் தீப்பெட்டி காலியானது. நான்கு பெண்கள் சேலையை விரித்துத் தடுப்புக் கட்டிப் பொங்கல் வைத்தோம். கற்பூரம் எரியவே இல்லை. எரிந்ததாக எல்லாரும் ஒப்புக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அண்ணன் தேங்காய் உடைத்தார், சரிபாதியாக உடைந்தது. என் கணவர் கோபுரத்தின் இரும்பில் காதை ஒட்டிவைத்து, உள்ளே கேட்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மகள் பிறந்தபோது கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பொங்கல் தின்று கை கழுவும்போது மொபெட்டில் ஒருவர் வந்து சேர்ந்தார். அந்தப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர்.

"அண்ணா, இங்கெதுக்குங்க பூசை பண்றீங்க?"

"நம்ம காத்தாடிக்கு நாமதானுங்க பண்ணோணும்" என்றார் அண்ணன்.

"உங்குளுது இதில்லீங்ளே." அவர் கை நீட்டினார். "அதா, அங்க நிக்குது பாருங்க. அதுதானுங்க."

பார்த்தோம். அத்தனை காற்றாலைகளும் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காட்டில் ஒன்றே ஒன்று, வகுப்புக்கு வெளியே முட்டிபோட வைத்த பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது.

"அது ஏனுங்க சுத்தல?" என்று கேட்டவள் நங்கையா.

"கியர் பாக்ஸ் போயிருச்சுங்க. நேத்துத்தான். கிரேன் வெச்சு மேல ஏத்தி மாத்தோணும்."

"அப்ப நாளைக்கே கிரேனுக்குச் சொல்லீரலாங்க."

"இந்தக் காத்துல கிரேன் நிக்காதுங்கக்கா. காத்து நின்னதுக்கப்புறந்தானுங்க ரிப்பேர் பண்ண முடியும்."

"காத்து நின்னதுக்கப்புறம் ரிப்பேர் பண்ணி?" என்றார் அண்ணன். அவருக்கு எதையும் இரண்டு முறை கேட்கும் பழக்கம். அன்று ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டார்.

மாலையைக் கழற்றி நம்முடையதற்குப் போடலாமா என்று நங்கையா யோசித்தாள். ஒரு தடவை சார்த்தியதைக் கழற்றக் கூடாது என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். நாங்கள் பொங்கல் வைத்த, யாரோ முகம் தெரியாத ஒரு சிமென்ட் கம்பெனிக்காரரின் காற்றாலை அந்த வருடம் காற்றுக் காலம் முழுக்க ஒரு நாளும் நிற்காமல் ஓடியது என்று பின்னால் ஆபரேட்டர் சொன்னார். நங்கையா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். தன் பூஜை பலித்துவிட்டதே.

நின்ற காற்றாலையாலும் ஒரு பயன் வந்தது. கம்பெனியில் சாம்பிள், மெயில் வேலைகளை நான்தான் பார்க்கிறேன். அந்தச் சமயம் ஐரோப்பாவிலிருந்து எங்களுக்குச் சட்டை ஆர்டர் கொடுக்கும் பையர், நீங்கள் பயன்படுத்தும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதியிருந்தார். வீட்டில் இருபது வருடமாக யாரும் கேட்காமலே என் கணவர் சொல்லிவந்த விஷயத்தை இப்போது ஒருவர் தானாகக் கேட்கிறார். பதிலைத் தானே சொல்லச் சொல்ல என்னை டைப் அடிக்கச் சொன்னார். அதைப் படித்த ஆர்வம் தாங்காமல் அவர்கள் ஆளையே அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கூடவே மொழிபெயர்க்கவும் சமாளிக்கவும் பையரின் உள்ளூர்ப் பையிங் ஆபீஸிலிருந்து ஓர் இளைஞர். பெண்மணி கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார், டீ குடித்தார், காற்றாலையைப் பார்க்கவேண்டும் என்றார்.

கிளம்பும்போதே இளைஞர் என் காதோரம் வந்தார். "அக்கா, உங்களுது நிக்குதாமே. சார்கிட்டச் சொல்லுங்க, பக்கத்துல சுத்தறது எதையாவது காட்டீரச் சொல்லி. மேடத்துக்கு என்ன தெரியப் போகுது? எங்களுக்கே தெரியாது."

நியாயமான யோசனை என்றே எனக்குப் பட்டது. நாங்கள் ஒரு முறை தெரியாமல் செய்ததை இன்னொரு முறை தெரிந்து செய்தால் போதும். இறங்கிய இடத்தில் என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்தவர் பிள்ளையைக் காட்டி இதுதான் என் பிள்ளை என்று சொல்லச் சொன்னது போல ஆகிவிட்டது.

"அது நம்முளுது இல்லியே" என்றார். பிறகு பெண்மணியின் பக்கம் திரும்பி, இருக்கிற இங்கிலீஷை எல்லாம் திரட்டினார். "மேடம், தட் ஒன். மை விண்ட்மில். நாட் ரன்னிங். டூ மச் விண்ட்."

இளைஞர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

காற்று அதிகமானதால் காற்றாலை ஓடவில்லை என்பதைப் பெண்மணி முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். விளக்கிச் சொன்னதும் தலையாட்டினார். கியர் பாக்ஸ் எத்தனை டன் என்று கேட்டார். சாதாரண ஆள் கேட்கும் கேள்வி இல்லை அது. என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இருவரும் பேசிக்கொண்டே புழுதியில் நடந்து பக்கத்திலிருந்த சப்ஸ்டேஷன் வேலி வரைக்கும் போய்விட்டார்கள். இளைஞர் பின்னால் ஓடினார். நான் வண்டி நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன். இந்த வியாதி வெளிநாட்டிலும் இருக்கிறது என்று தெரிந்தது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது.

திரும்பி வந்தபோது இருவரும் ஒரு செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்மணியின் அப்பா வாழ்நாள் முழுக்க ஒரு நிலக்கரி மின் நிலையத்தில் வேலை பார்த்தவராம். அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் குளிர்விப்புக் கோபுரங்கள் தெரியுமாம். நிலையத்தை மூடிக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்த நாளில் ஊரே திரண்டு பார்க்கப் போயிருக்கிறது. அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் கோபுரத்தின் இடுப்பில் ஒரு சுருக்கம் விழுந்தது. அதன் பிறகு நனைந்த துணி போல அப்படியே உட்கார்ந்தது.

"இடிச்சே போட்டாங்களா?" என்றார் என் கணவர், தமிழில்.

இளைஞர் மொழிபெயர்க்கவில்லை. பெண்மணி அதற்குள்ளேயே ஆமாம் என்று தலையசைத்தார். அது புகை கக்கியது, மூடியதுதான் சரி, ஆனால் அன்று அழுதேன் என்றார். என் கணவர் இன்னொரு முறை அந்த வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தார். வரும் வழியில் ஒரு துக்க வீட்டிலிருந்து வருகிறவர் போல வந்தார்.

பெண்மணி நல்லபடியாக எழுதியிருப்பார் போல, ஆர்டர் உறுதியானது. கூடவே அவர்களுடைய விலை பேசும் பிரிவிலிருந்து ஒரு மெயிலும் வந்தது. நீங்கள் காற்றில் மின்சாரம் எடுப்பதை மனமாரப் பாராட்டுகிறோம், காற்று இலவசம் என்பதால் சட்டைக்கு விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தார்கள்.

அண்ணன் வந்து அதை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். "காத்து ஓசின்னு அவங்குளுக்கு ஆருங்க மாப்பள சொன்னது?"

என் கணவர் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். சப்ஸ்டேஷன் வேலியோரம் அந்தப் பெண்மணியிடம், "விண்ட் ஃப்ரீ மேடம், காட் கிவிங்" என்று இரண்டு கையையும் விரித்துச் சொன்னதை வண்டி நிழலிலிருந்தே நான் கேட்டிருந்தேன். நான் மெயிலை மூடிவைத்தேன். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தோம். கிரேனுக்கு ஆகப்போகும் செலவைச் சொல்லி அவர்களிடம் யார் வாதாடுவது?

ஐப்பசியில் காற்று ஓய்ந்தது. கிரேன் வந்தது, கியர் பாக்ஸ் மேலேறியது. எல்லாம் சரியாகி, எண்ணெய் போட்டு, பெயின்ட் அடித்துப் புதுமாப்பிள்ளையாக நின்றது எங்கள் காற்றாலை. ஓர் இலை அசையவில்லை. அண்ணன் தினமும் காலையில் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "காத்து இருக்குதுங்களா?" என்று கேட்பார். "இல்லீங்ணா" என்று பதில் வரும். பிறகு பல் தேய்ப்பார்.

அடுத்த வருடம் வைகாசிக் கடைசியில் ஒரு வழியாகச் சுற்ற ஆரம்பித்தது. அண்ணனும் நங்கையாவும் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாதி டப்பா தீர்வதற்குள் ஆபரேட்டர் போன் செய்தார். "அண்ணா, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லியிருக்காங்க."

"ஏனுங்க, மறுபடியும் கியர் பாக்ஸா?"

"இல்லீங்ணா, எல்லாத்தோடதும் நல்லாச் சுத்தறதால கரண்டு கூடிப்போச்சாமுங்க. லைன் தாங்காதாமுங்க."

கரண்டு இல்லை என்று ஒரு காலத்தில் மிஷினை நிறுத்தினோம். இப்போது கரண்டு அதிகம் என்று காற்றாலையை நிறுத்துகிறோம். அண்ணன் மைசூர்பாகு டப்பாவை மூடிவைத்துவிட்டு, "இதுக்கு என்னதான் மாப்பள வழி?" என்று கேட்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது. என் கணவர் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசினார். மிச்சமான கரண்டைக் கொண்டு தண்ணீரை மலைமேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்குவது, கப்பல் கண்டெய்னர் அளவுக்கு பேட்டரி, கடலுக்குள்ளே காற்றாலை, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன். இன்னும் கொஞ்ச காலத்தில் புகையே இல்லாமல் உலகம் ஓடும் என்றார். நங்கையா கொட்டாவியை மறைத்துக்கொண்டு, "அது வரைக்கும் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்குதுங்களா?" என்றாள்.

அந்தப் பேச்சின் முடிவு எங்கள் மொட்டைமாடியில் வந்து நின்றது. வேறொரு ஊரில் உற்பத்தி செய்தால்தானே லைன் தாங்காது, நம் தலைமேலேயே உற்பத்தி செய்தால் யார் நிறுத்தச் சொல்வார்கள் என்று சோலார் போட முடிவெடுத்தார். மாடி முழுவதும் கேட்டார். மிளகாயும் வடகமும் எங்கே காய்வது என்று நான் கேட்டேன். சூரியனை இப்படிச் சின்ன வேலைக்கெல்லாம் பயன்படுத்தலாமா என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கிழக்கு மூலை எனக்கு வந்தது.

பேனல் போட்ட பிறகு எவ்வளவு உற்பத்தியாகிறது என்பது அவர் செல்போனில் தெரியும். ஒரு கோடு காலையில் எழும்பும், உச்சியில் ஏறும், சாயங்காலம் இறங்கும். கல்யாண வீட்டில், கோயிலில், ஏன், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டுகூட அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேகம் ஒன்று குறுக்கே போனால் கோடு பள்ளத்தில் விழும். அவர் முகமும் கூடவே விழும். ஜன்னல் வழியாக எட்டி, "போ, போ, அந்தப் பக்கம் போ" என்று மேகத்தை விரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

என் மாமனார் வெள்ளகோவில் பக்கம் காட்டில் இருக்கிறார். மழையை நம்பிய பூமி, நான்கு எருமை, கொஞ்சம் சோளம். டவுனுக்கு வரமாட்டார். போனில் கேட்கும் முதல் கேள்வியே மழையைப் பற்றித்தான் இருக்கும்.

போன புரட்டாசியில் ஒரு மதியம் இங்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கோடு தரைக்கு வந்துவிட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமனார் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கண்ணு, அங்க மழ பேயுதா?"

"இப்பத்தான் தூறுதுங்கப்பா" என்றார் என் கணவர்.

"நல்லாப் பேயுமா?"

"நல்லாவே பேயும் போல இருக்குதுங்க."

"இங்கயும் மானம் கறுத்துட்டு வருது கண்ணு!" அவர் குரலில் இருந்த குதூகலம் அறை முழுக்கக் கேட்டது. "ஏஞ்சாமி, நீ ஒரு மாதிரி பேசற? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. இன்னிக்கு உற்பத்தி கம்மிங்க."

"என்ன உற்பத்தி?"

சொன்னார். வெயில், பேனல், கோடு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் ஓர் எருமை கத்தியது.

"அப்ப மழ வேண்டாம்ங்கறயா?"

"அப்படி இல்லீங்கப்பா…"

"நம்ம வமுசத்துலயே மழைக்கு மொகத்தச் சுளிச்ச மொத ஆளு நீதான்டா" என்றார் மாமனார். கோபம் இல்லை. ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்த மகனிடம் பேசுகிற மாதிரி, பாதி வியப்பாகத்தான் சொன்னார். பிறகு, தூற்றல் விழுந்துவிட்டது, கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டவேண்டும் என்று வைத்துவிட்டார்.

நான் கிழக்கு மூலையில் காயப்போட்ட மிளகாயை அள்ள மாடிக்கு ஓடினேன். அவரும் முறத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உதவி செய்ய வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். பேனல்கள்மேல் ஒரு மாதப் புழுதியும் பஞ்சுத் தூசியும் அப்பியிருந்தன. மழை அதைக் கரைத்துச் செம்மண் நிறத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துப் பளபளத்தது.

"ஏம்புள்ள, இங்க பாரு" என்றார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. "சுத்தமாக் கழுவிட்டுப் போகுது. நாளைக்கு நல்லா எடுக்கும்."

மிளகாய் பாதி நனைந்துவிட்டது.